சட்டைப் பையில் மடக்குக் கத்தி: எங்கே அனுமதி, எப்போது குற்றம்? இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

பழம் நறுக்கப் பேனாக்கத்தி, மின்கம்பியின் உறையைச் சீவ மடக்குக் கத்தி, மலையேற்றத்துக்குக் குறடும் திருப்புளியும் அலகும் ஒன்றாய் அமைந்த மல்டிடூல் எனப் பலரது பையில் ஏதேனும் ஒரு கத்தி இருக்கிறது. கடைகளிலும் இணையதளங்களிலும் இவை தடையின்றிக் கிடைக்கின்றன. ஆனால் விமான நிலையச் சோதனையிலோ, இரவு வாகனத் தணிக்கையிலோ அதே கத்தி வெளிப்படும்போது, அதை வைத்திருப்பது சட்டப்படி சரியா என்ற கேள்வி எழுகிறது.

இதற்கு நாடு முழுமைக்கும் பொருந்தும் ஒற்றை வரிப் பதில் இந்தியச் சட்டத்தில் கிடையாது. கத்தியின் வடிவமைப்பு, அலகின் அளவு, எடுத்துச் செல்லும் இடம், சூழ்நிலை ஆகிய நான்கையும் சேர்த்தே சட்டம் பார்க்கிறது. ஓர் ஊரில் சாதாரணப் பொருளாகக் கருதப்படும் கத்தி, வேறோர் ஊரில் வழக்குக்கு வழிவகுக்கலாம். இது குறித்த சட்ட விதிகளின் தொகுப்பு இங்கே தரப்படுகிறது.

ஆயுதம் என்றால் எது?

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1878-ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம், துப்பாக்கிகளோடு வாள், குத்துவாள், ஈட்டி, வில், அம்பு ஆகியவற்றையும் ஆயுதங்களாகக் கணக்கிட்டது. உரிமம் இன்றி ஆயுதம் தரித்துச் செல்வதை அச்சட்டம் தடை செய்தது. விடுதலைக்குப் பின் அதற்கு மாற்றாக 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்றும் கத்திகள் தொடர்பான அடிப்படைச் சட்டம் இதுவே.

இச்சட்டத்தின் 2-ஆவது பிரிவு ஆயுதத்துக்கு இலக்கணம் வகுக்கிறது. தாக்குவதற்கோ தற்காத்துக் கொள்வதற்கோ உரிய ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட எந்தப் பொருளும் ஆயுதமாகும். துப்பாக்கிகளும், கூர்முனை கொண்ட கொடிய கருவிகளும் இதில் அடங்கும். அதே பிரிவு ஒரு விலக்கையும் அளிக்கிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்கள் ஆயுதம் அல்ல. லத்தியும் சாதாரண ஊன்றுகோலும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகச் சட்டத்திலேயே குறிப்பிடப்பட்டுள்ளன. விளையாட்டுப் பொருளாகவன்றி வேறெதற்கும் பயன்படாதவற்றுக்கும் விலக்கு உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘வடிவமைக்கப்பட்ட’ என்பதாகும். காய்கறி நறுக்கும் கத்தியால் ஒருவரைக் கொல்லவும் முடியும். ஆயினும் அது சமையலுக்காகச் செய்யப்பட்டது என்பதால், சமையலறையில் இருக்கும்வரை ஆயுதச் சட்டம் அதைத் தீண்டுவதில்லை. கதிர் அறுக்கும் அரிவாளுக்கும் இதுவே விதி. இருபுறமும் கூர்தீட்டிய குத்துவாளின் வடிவமே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுவதால், அது ஆயுத இலக்கணத்துக்குள் வருகிறது. மடக்குக் கத்தி இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம்.

உரிமம் தேவையா?

துப்பாக்கியை வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ நாடெங்கும் உரிமம் கட்டாயம் என்று ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு கூறுகிறது. கத்தி, வாள் போன்ற துப்பாக்கியல்லாத ஆயுதங்களுக்கு இத்தகைய பொதுக் கட்டாயம் இல்லை. அவற்றுக்கு 4-ஆவது பிரிவு பொருந்துகிறது.

ஒரு பகுதியில் நிலவும் சூழலைக் கருதி, துப்பாக்கியல்லாத ஆயுதங்களையும் பொதுநலன் கருதிக் கட்டுப்படுத்த வேண்டும் என மத்திய அரசு எண்ணினால், அதற்கான அறிவிக்கையை அரசிதழில் வெளியிடலாம் என்பதே 4-ஆவது பிரிவின் சாரம். அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதியில், அறிவிக்கையில் குறிப்பிடப்பட்ட வகை ஆயுதத்தை உரிமம் இன்றி வாங்குவதும், வைத்திருப்பதும், எடுத்துச் செல்வதும் குற்றமாகும். இதற்கான தண்டனை 25-ஆவது பிரிவில் உள்ளது. சிறைத் தண்டனையுடன் அபராதமும் விதிக்கப்படும். குறைந்தபட்சத் தண்டனைக் காலமும் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் பதிவு செய்தாலன்றி நீதிமன்றம் அதைக் குறைக்க இயலாது.

ஆகவே, கத்தி தொடர்பான வழக்குகளில் முதலில் எழ வேண்டிய கேள்வி, அந்தப் பகுதிக்கு அறிவிக்கை இருக்கிறதா, அந்தக் கத்தி அறிவிக்கையில் கூறப்பட்ட வகையைச் சேர்ந்ததா என்பதாகும். அறிவிக்கையை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பையே சாரும்.

9 அங்குலம் என்ற அளவு எங்கிருந்து வந்தது?

‘9 அங்குலத்துக்குக் குறைந்த கத்திக்குத் தடையில்லை’ என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. இதன் வேர் ஆயுத விதிகளில் உள்ளது. 1962-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் ஆயுதங்களை வகைகளாகப் பிரிக்கின்றன. துப்பாக்கியல்லாத ஆயுதங்கள் 5-ஆவது வகையில் இடம்பெறுகின்றன. வாள், குத்துவாள், துப்பாக்கி முனைக்கத்தி, ஈட்டி, போர்க்கோடரி ஆகியவற்றோடு, அலகின் நீளம் 9 அங்குலத்தை அல்லது அகலம் 2 அங்குலத்தை மீறும் கத்திகளும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன. சென்டிமீட்டர் கணக்கில் இந்த அளவு முறையே 22.86, 5.08 ஆகும். வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு இங்கும் விலக்கு உண்டு.

இந்த அளவீடு முதன்மையாக ஆயுதங்களை வகைப்படுத்துவதற்கு உரியது. ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, துப்பாக்கிகளையும் விதிகளில் குறிக்கப்பட்ட பிற ஆயுதங்களையும் தயாரிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும். எனவே, பெரிய அளவிலான போர்க்கத்திகளைச் செய்து விற்போருக்கு இந்த எல்லை மிக முக்கியமானது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமமற்ற தயாரிப்புக்கும் விற்பனைக்கும் 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை விதிக்கப்படலாம்.

சாதாரணப் பேனாக்கத்தி, மல்டிடூல் ஆகியவற்றின் அலகு இந்த எல்லையில் பாதியைக்கூட எட்டுவது அரிது. அந்த வகையில் அவை பொது விதியின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் 9 அங்குலத்துக்குக் குறைவாக இருப்பது மட்டுமே முழுப் பாதுகாப்பு ஆகாது. 4-ஆவது பிரிவின் கீழ் வெளியாகும் அறிவிக்கை, அதைவிடச் சிறிய கத்திகளையும் கட்டுப்படுத்த முடியும். தலைநகர் டெல்லி அதற்குச் சான்று.

டெல்லியில் 3 அங்குலம்

டெல்லி நிர்வாகம் 1980 அக்டோபர் 29 அன்று ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. பொத்தானை அழுத்தியதும் அலகு பாயும் ‘பட்டன்தார்’ கத்தி, பல்சக்கர ஒலியோடு விரியும் ‘கராரிதார்’ கத்தி, விசைவில்லால் இயங்கும் கத்தி, வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தி ஆகியவை அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. அலகின் நீளம் 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும், அகலம் 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கட்டுப்பாடு பொருந்தும். 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக 3 அங்குலம். பொது விதியின் 9 அங்குலத்தோடு ஒப்பிட்டால் இது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

இந்த அறிவிக்கையின் அடிப்படையில் டெல்லிக் காவல்துறை பல ஆண்டுகளாக வழக்குகளைப் பதிவு செய்து வருகிறது. இத்தகைய ஒரு வழக்கு 2025-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. பட்டன்தார் கத்தி வைத்திருந்ததாக ஒருவர் மீது ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவு செய்யப்பட்டிருந்தது. அதை ரத்து செய்ய டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டதால் அவர் மேல்முறையீடு செய்தார்.

உச்ச நீதிமன்றம் அறிவிக்கையின் வாசகத்தை நுணுக்கமாக ஆராய்ந்தது. தயாரிப்பு, விற்பனை, விற்பனைக்காகவோ சோதனைக்காகவோ வைத்திருத்தல் ஆகியவை தொடர்பாகவே அந்தக் கட்டுப்பாடு எழுதப்பட்டுள்ளது என்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. குற்றம்சாட்டப்பட்டவர் விற்பனை போன்ற நோக்கத்துக்காகக் கத்தியை வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் எங்கும் கூறப்படவில்லை. ஆகவே அறிவிக்கை மீறப்பட்டதாகக் கொள்ள முடியாது எனக் கூறி வழக்கை ரத்து செய்தது.

இத்தீர்ப்பு உணர்த்தும் செய்தி தெளிவானது. கத்தி கைப்பற்றப்பட்டது என்ற ஒன்றே ஆயுதச் சட்டக் குற்றத்தை நிறுவப் போதாது. அறிவிக்கை எதைத் தடுக்கிறதோ அது நடந்ததாகக் காட்ட வேண்டும். அதே வேளையில், இத்தீர்ப்பைப் பொது அனுமதியாகக் கொள்வது தவறாகும். அறிவிக்கையின் வாசகம் மாறினால் நிலையும் மாறும். மேலும், தீர்ப்பின் பலன் கிடைக்கும்வரை வழக்கை எதிர்கொள்ளும் சுமை குற்றம்சாட்டப்பட்டவருடையதாகவே இருக்கும்.

ராம்பூர் கத்தியின் கதை

விசைக் கத்திகள் மீது சட்டத்துக்குத் தனிக் கவனம் ஏன் என்பதற்கு உத்தரப் பிரதேச மாநிலம் ராம்பூர் நகரின் வரலாறு விடை தருகிறது. அவ்வூரின் கைவினைஞர்கள் செய்த ‘ராம்பூரி’ மடக்குக் கத்தி நாடெங்கும் பெயர் பெற்றது. இந்தித் திரைப்படங்களில் வில்லன்களின் கைகளில் அது அடிக்கடி காட்சி தந்தது. மடக்கிய நிலையில் மறைத்து வைக்கலாம், ஒற்றைக் கையால் நொடியில் விரிக்கலாம் என்பதே அதன் ஈர்ப்பு. காவல்துறையின் கவலைக்கும் அதுவே காரணம்.

1990-களில் 4.5 அங்குலத்துக்கு மேல் அலகுள்ள கத்திகளைத் தயாரிக்க உத்தரப் பிரதேச அரசு தடை விதித்தது. அதன் பிறகு அத்தொழில் தேய்ந்தது. 2023-ஆம் ஆண்டில் ராம்பூரில் சுமார் 20 அடி நீளமுள்ள பிரம்மாண்டக் கத்தி ஒன்று நாற்சந்தியில் நினைவுச் சின்னமாக நிறுவப்பட்டது. ஊரின் அடையாளமாகச் சதுக்கத்தில் நிற்கும் பொருளே, சட்டைப் பையில் இருந்தால் விசாரணைக்கு உள்ளாகும் பொருளாகவும் இருக்கிறது.

சிறிய கத்தியும் சிக்கலாகும் சூழல்கள்

உரிமம் தேவைப்படாத ஆயுதமாகவே இருந்தாலும், சூழ்நிலை சந்தேகத்துக்கு இடமளித்தால் நடவடிக்கை எடுக்க முடியும். ஆயுதச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதற்கு வழி செய்கிறது. சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் நோக்கோடு ஆயுதம் கொண்டு செல்லப்படுகிறது எனக் கருத நியாயமான காரணம் இருந்தால், உரிமம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடிவாரண்டு இன்றிக் கைது செய்து ஆயுதத்தைக் கைப்பற்றலாம். இந்த அதிகாரம் நீதித்துறை நடுவருக்கும் காவலருக்கும் மட்டுமன்றி, ரயில், விமானம், கப்பல் போன்றவற்றில் பணிபுரிவோருக்கும் வழங்கப்பட்டுள்ளது.

தடையாணைகள் மற்றொரு சூழல். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவின் கீழ், அமைதிக்குக் குந்தகம் ஏற்படும் என்ற அச்சம் உள்ள இடங்களில் ஆயுதம் எடுத்துச் செல்ல மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144 தடையுத்தரவு என்று மக்கள் அறிந்திருந்தது இதுவே. இத்தகைய ஆணை பொதுவாக 2 மாதங்கள்வரை செல்லும். மாநில அரசு விரும்பினால் மேலும் 6 மாதங்கள்வரை நீட்டிக்கலாம். ஆணையை மீறுவோர் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆவது பிரிவின் கீழ் தண்டனைக்கு உரியவர்.

மகாராஷ்டிராவில் 1951-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, காவல் ஆணையருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கூடுதல் அதிகாரம் அளிக்கிறது. வாள், ஈட்டி, துப்பாக்கி, தடி ஆகியவற்றோடு கத்தியையும், உடலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடிய எந்தப் பொருளையும் பொது இடத்தில் எடுத்துச் செல்லக் குறிப்பிட்ட காலத்துக்குத் தடை விதிக்க முடியும். இதில் அங்குலக் கணக்கு இல்லை. மீறினால் 4 மாதம் முதல் ஓராண்டுவரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். மும்பையில் இத்தகைய ஆணைகள் அவ்வப்போது பிறப்பிக்கப்படுகின்றன. வேலைக்காகவோ சுற்றுலாவாகவோ அங்கு செல்லும் வெளியூர்க்காரர்கள் இதை அறியாமல் இருப்பது இயல்பே. ஆனால் சட்டத்தை அறிந்திருக்கவில்லை என்பது தற்காப்பு வாதமாக ஏற்கப்படுவதில்லை.

வாக்குப்பதிவு நாளும் நினைவில் கொள்ளத்தக்கது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 134பி பிரிவு, வாக்குச்சாவடியின் அருகே எந்த வகை ஆயுதத்துடனும் செல்வதைத் தடை செய்கிறது. தேர்தல் அலுவலர்களுக்கும், பாதுகாப்புப் பணியில் உள்ளோருக்கும் மட்டுமே விலக்கு உண்டு. ஆயுதம் என்பதற்கு ஆயுதச் சட்டத்தின் இலக்கணமே இங்கும் பொருந்தும். மீறினால் 2 ஆண்டுகள்வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

கையில் எடுத்த பின்

கத்தியை வைத்திருப்பது வேறு. அதைக் காட்டி மிரட்டுவதும் தாக்குவதும் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-ஆவது பிரிவு, குத்தவோ வெட்டவோ பயன்படும் கருவியால் காயம் விளைவிப்பதை, சாதாரணக் காயம் விளைவிப்பதைவிடக் கடுமையான குற்றமாகக் கருதுகிறது. 3 ஆண்டுகள்வரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கொடுங்காயம் என்றால் தண்டனை ஓராண்டுக்குக் குறையாமல் ஆயுள் சிறைவரை செல்லும். கொலை மிரட்டல் விடுத்தால் 351-ஆவது பிரிவின் கீழ் 7 ஆண்டுகள்வரை சிறை கிடைக்கலாம். கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடித்தால் 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை என 311-ஆவது பிரிவு கூறுகிறது.

இப்பிரிவுகளில் கத்தியின் நீளம் பொருட்டல்ல. ஆயுதச் சட்டம் விலக்களித்த காய்கறிக் கத்தியும் அரிவாளும், ஒருவர் மீது பாய்ந்த கணத்தில் கொடிய கருவியாகிவிடுகின்றன.

தற்காப்புக்காக வைத்திருக்கலாமா?

இரவுப் பணி முடிந்து திரும்புவோர், தனியே பயணம் செய்யும் பெண்கள் ஆகியோரிடமிருந்து இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள், தன் உடலையும் உடைமையையும் பிறர் உடலையும் காத்துக்கொள்ளும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கின்றன. ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு. காவல்துறை போன்ற அரசு அமைப்பின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது இவ்வுரிமை எழாது. தற்காப்புக்குத் தேவையான அளவை மீறிய தீங்கை விளைவிக்கவும் கூடாது.

தற்காப்பு உரிமை, தாக்குதலின்போது செய்த செயலுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. தடை செய்யப்பட்ட கத்தியை முன்கூட்டியே வைத்திருக்க அது அனுமதி அளிப்பதில்லை. மேலும், ‘தற்காப்புக்காக வைத்திருந்தேன்’ என்ற விளக்கம், ஆயுதச் சட்டத்தின் இலக்கணத்தை நோக்கினால், வைத்திருப்பவருக்கே எதிராகத் திரும்பக்கூடும். தாக்குதலுக்கு மட்டுமன்றித் தற்காப்புக்காக வடிவமைக்கப்பட்டதும் ஆயுதமே என்று 2-ஆவது பிரிவு கூறுவதை மறத்தலாகாது.

கிர்பானுக்குத் தனி இடம்

சீக்கியர்கள் கிர்பான் அணிவதும் எடுத்துச் செல்வதும் அச்சமயத்தைப் பின்பற்றுவதன் ஒரு பகுதி என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் முதல் விளக்கம் கூறுகிறது. கத்தி ஒன்றை எடுத்துச் செல்வதற்கு அரசியலமைப்பே நேரடியாக ஏற்பளித்துள்ள நேர்வு இது.

விமானப் பயணத்தில் இதற்கும் அளவு வரையறை உண்டு. அலகு 15.24 சென்டிமீட்டருக்கும், மொத்த நீளம் 22.86 சென்டிமீட்டருக்கும் மிகாத கிர்பானை, இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட விமானங்களில் உள்நாட்டுப் பயணத்தின்போது சீக்கியப் பயணிகள் எடுத்துச் செல்லலாம் என 2022 மார்ச் மாதம் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் ஆணை வெளியிட்டது. இதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தள்ளுபடி செய்தது. வெளிநாட்டுப் பயணங்களுக்கு இச்சலுகை பொருந்தாது.

விமானத்திலும் மெட்ரோவிலும்

ஆயுதச் சட்டப்படி எவ்விதத் தடையும் இல்லாத கத்தியைக்கூட விமானத்தின் பயணிகள் பகுதிக்குக் கொண்டு செல்ல முடியாது. கைப்பையில் தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் எல்லா நீளத்திலும் உள்ள கத்திகள், பெட்டி வெட்டும் கத்திகள், உறையில்லாத சவர அலகுகள், கூர்முனை கொண்ட உலோகக் கத்தரிக்கோல்கள் ஆகியவை இடம்பெறுகின்றன. வெண்ணெய் தடவும் வட்ட முனைக் கத்திக்கும், பிளாஸ்டிக் கத்திக்கும் மட்டுமே விலக்கு உண்டு. கத்தி அலகு உள்ள மல்டிடூலும் இதே தடைக்கு உட்பட்டது.

சரக்குப் பகுதியில் செல்லும் பதிவுசெய்த பெட்டியில் இவற்றை வைக்கலாம். பெட்டியைக் கையாளும் ஊழியருக்குக் காயம் ஏற்படாதவாறு அலகை உறையிட்டுச் சுற்றி வைப்பது அவசியம். சாவிக்கொத்தில் தொங்கும் சிறு கத்தியைப் பலர் மறந்துவிடுகின்றனர். பெட்டியை ஒப்படைத்த பிறகு பாதுகாப்புச் சோதனையில் அது வெளிப்பட்டால், பெரும்பாலும் அதைக் கைவிட்டுச் செல்வதைத் தவிர வேறு வழியிருக்காது. வீட்டிலிருந்து புறப்படும் முன்பே கைப்பையையும் சாவிக்கொத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மெட்ரோ ரயில் நிலையங்கள், நீதிமன்ற வளாகங்கள், நாடாளுமன்ற, சட்டமன்ற வளாகங்கள், பல வழிபாட்டுத் தலங்கள், விளையாட்டு அரங்குகள் ஆகியவற்றிலும் நுழைவாயில் சோதனை உண்டு. இங்கெல்லாம் அந்தந்த அமைப்பின் பாதுகாப்பு விதிகளே செல்லும். கருவியைக் கொண்டு செல்ல வேண்டிய தொழிலாளர்கள், பணி அடையாள அட்டையை உடன் வைத்திருப்பது பயன் தரும்.

மல்டிடூல் எந்த வகை?

குறடு, திருப்புளி, அரம், டப்பா திறப்பான் ஆகியவற்றோடு ஒரு சிறு அலகும் சேர்ந்த மல்டிடூலை, தாக்குதலுக்காக வடிவமைக்கப்பட்டது என்று வாதிடுவது கடினம். மின்பணியாளர், வாகனப் பழுதுநீக்குவோர், மலையேறுவோர், முகாம் அமைப்போர் எனப் பலரது தொழிலுக்கும் தேவைக்கும் உரிய பொருளாகவே அது விற்கப்படுகிறது.

எனினும் இரண்டு கூறுகள் கவனத்துக்குரியவை. முதலாவது, அலகு திறக்கும் முறை. நகத்தால் இழுத்துத் திறக்கும் அலகுக்கும், பொத்தானாலோ விசைவில்லாலோ பாயும் அலகுக்கும் சட்டத்தின் பார்வையில் பெரும் வேறுபாடு உண்டு. இரண்டாவது, அலகின் நீளம். 3 அங்குலத்துக்குக் குறைந்த, கையால் திறக்கும் அலகு டெல்லி அறிவிக்கையின் அளவைக்கூட எட்டாது. பல மாநிலங்களுக்குப் பயணம் செய்வோர் இந்த அளவை மனத்தில் கொள்வது பாதுகாப்பானது.

காவல்துறை பிடித்தால்

சோதனையில் கத்தி கைப்பற்றப்பட்டால், அதன் உருவரை வரையப்பட்டு, அலகும் பிடியும் தனித்தனியே அளக்கப்படுவது வழக்கம். அந்த அளவே பின்னர் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் என்பதால், அது சரியாகப் பதிவாகிறதா என்று கவனிப்பது முக்கியம். தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்யப் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு வகை செய்கிறது. பெண்ணைப் பெண் காவலரே சோதனையிட வேண்டும்.

ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் அனைத்தும், காவல்துறை நேரடியாக விசாரிக்கத்தக்கவை என 38-ஆவது பிரிவு கூறுகிறது. கைது செய்யப்பட்டால், அதற்கான காரணத்தை அறியவும், விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு உரிமை அளிக்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தெரிவிப்பதும் காவல்துறையின் கடமை.

எதற்காகக் கத்தி வைத்திருக்கிறார் என்ற கேள்விக்கு உண்மையான, எளிய விடை இருப்பது பெரிதும் உதவும். கருவிப் பெட்டியில் பிற உபகரணங்களோடு இருக்கும் கத்தி தன் பயனைத் தானே சொல்லும். நள்ளிரவில் இடுப்பில் செருகிய நிலையில் கிடைக்கும் அதே கத்திக்கு விளக்கம் தேவைப்படும்.

சுருக்கமாக

• வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே வடிவமைக்கப்பட்ட கத்தி, ஆயுதச் சட்டப்படி ஆயுதம் அல்ல.

• துப்பாக்கியைப் போல் எல்லாக் கத்திக்கும் நாடு முழுவதும் உரிமம் தேவையில்லை. 4-ஆவது பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியான பகுதியில், அதில் குறிப்பிட்ட வகைக்கே உரிமம் தேவை.

• ஆயுத விதிகளின் வகைப்பாட்டில் 9 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் எல்லை. டெல்லியில் இயந்திர விசைக் கத்திக்கு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் எல்லை.

• பொத்தான், விசைவில் ஆகியவற்றால் திறக்கும் கத்திகளைத் தவிர்ப்பது நல்லது.

• தடையாணை நடைமுறையில் உள்ள இடங்களிலும், வாக்குச்சாவடி அருகிலும் சிறிய கத்திகூடச் சிக்கலை உருவாக்கலாம்.

• விமானத்தில் கைப்பையில் கத்தியும் மல்டிடூலும் கூடாது. பதிவுசெய்த பெட்டியில் உறையிட்டு வைக்கலாம்.

• மிரட்டவோ தாக்கவோ பயன்படுத்தினால், எந்த அளவுக் கத்தியாயினும் கடும் தண்டனைக்குரிய குற்றம்.

தடையாணைகளும் அறிவிக்கைகளும் இடத்துக்கு இடமும் காலத்துக்குக் காலமும் மாறக்கூடியவை. புதிய ஊருக்குக் கத்தியோ மல்டிடூலோ எடுத்துச் செல்வோர், அங்குள்ள காவல் ஆணையரகம் அல்லது மாவட்ட நிர்வாகத்தின் நடப்பு ஆணைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்குப் பதிவாகியிருந்தால், குறிப்பிட்ட அறிவிக்கையின் நகலோடு வழக்கறிஞரை அணுகுவதே முதல் படி.